தட்டினேன் என்றால்

மின்விசிறி ஓடியும் அவளுக்கு வியர்த்தது. சரக்குக் கிடங்கில் பில் போடுபவள் அவள். விசாரிக்க வந்திருந்த மேலாளருக்குத் தமிழ் தெரியாது. எதிரே நின்ற அக்கா புருஷனுக்கு ஆங்கிலம் தெரியாது. "எனக்கு உறவு சார்" என்று சொல்லிப் பார்த்தாள். வேறு ஆள் இல்லையென்று மொழிபெயர்க்க உட்காரவைத்துவிட்டார்கள்.

மூட்டை அடுக்குவதில் மாமாவுக்கும் சூப்பர்வைசருக்கும் வாய்த்தகராறு. படியோரம் நின்ற சூப்பர்வைசர் உருண்டு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இப்போது கட்டுப்போட்ட கையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"தோள்ல தட்டினேன். அவ்ளோதான்," என்றார் மாமா.

மேலாளர் இவளைப் பார்த்தார்.

குழந்தையைத் தூங்கவைக்கவும் தட்டுகிறோம், கதவையும் தட்டுகிறோம். ஆங்கிலத்தில் எதைச் சொல்வது? 'டச்' என்றால் வெறுமனே தொட்டது, மாமா தப்பித்துவிடுவார். 'ஹிட்' என்றால் அடித்தது; வேலையே போகலாம். நடுவாக 'புஷ்' என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். படியோரம் நின்றவரைத் தள்ளினார் என்றால் போலீஸ் வரைக்கும் போகுமே!

"பாத்துப் பேசுடி, எல்லாம் உன் வாயிலதான் இருக்கு" என்று காலையில் அக்கா அழுதிருந்தாள்.

"எப்படித் தட்டினீங்க மாமா? மேஜைல காட்டுங்க."

மாமா தட்டினார். மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் குதித்தது.

"கோவத்துலதாம்மா தட்டினேன். மழுப்பாம சொல்லு."

"ஹிட்," என்றாள். மேலாளர் எழுதத் தொடங்குவதற்குள், விரித்த கையால், தோளில், ஒரே தடவை, 'புஷ்' பண்ணவில்லை என்று மளமளவென ஆங்கிலத்தில் கொட்டினாள்.

மேலாளர் மூலைப்பக்கம் திரும்பி, "புஷ்?" என்று கேட்டார்.

சூப்பர்வைசர் கட்டுப்போட்ட கையை மடியில் இறக்கிவைத்தார்.

"நோ புஷ் சார்," என்றவர் இவளிடம், "கோவமா திரும்பினேன், கால் வழுக்கிடுச்சு. அதையும் சொல்லிடும்மா," என்றார்.

மாமாவுக்கு வேலை தங்கியது. ஒரு மாதம் சம்பளமில்லை, பிறகு வேறு கிடங்கு.

"தொட்டாருன்னு சொல்லியிருந்தா உன் வாய் தேஞ்சா போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தாள்.

அவள் பில் போட உட்கார்ந்தாள். விரல் ஓடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். 'டச்' என்றிருந்தால் சூப்பர்வைசர் சும்மா விட்டிருப்பாரா? விட்டிருக்க மாட்டார். ஒருவேளை விட்டிருந்தால்?

அக்காவின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.