மூக்கில் ஒரு ஒய்

என் வீட்டுக்காரர் நவ்ஷாத்துக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையில் போய்விடும். பழைய ரேஸ் கார் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், அந்தக் கிறுக்கு மட்டும் எதற்கும் இறங்காது. அரியமங்கலத்தில் எங்களுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. முன்பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற வேலை, சோறு அதில்தான். பின்பக்க ஷெட்டில் எப்போதும் ஒற்றை சீட் வைத்த குட்டிக் கார் ஒன்று எலும்பும் தோலுமாக நிற்கும். அதை ஓட்டியவர் யார், எந்தப் பந்தயத்தில் ஓட்டினார் என்று தெரிகிற வரைக்கும் இவர் அதற்குப் பெயிண்ட் அடிக்க மாட்டார்.

"பேர் தெரியாத புள்ளைக்கு நான் எப்படிச் சட்டை தைக்கிறது?" என்பார். என் சுடிதாரை டெய்லரிடமிருந்து வாங்கி வரச் சொன்னால் மட்டும் மறந்துபோகும்.

போன மழைக்கு முன்னால் உப்பிலியபுரத்திலிருந்து ஒன்று வந்தது. அழகிரி என்ற விவசாயி கொடுத்தார். அவருடைய அப்பா எப்போதோ அதை வாங்கி, இன்ஜினைக் கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்துக்கொண்டாராம். மிச்சம் கோழிக்கூடாகிவிட்டது. டிரைவர் உட்காரும் இடத்தில் கிடந்த முட்டைகளையும் சேர்த்தே கொடுத்தனுப்பினார், நல்ல மனுஷன்.

இவர் தினமும் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே டிராக்டர் நீலம், அதற்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் கருஞ்சிவப்பு. ஒருநாள் "ஜீனத், ஓடி வா!" என்று கத்தினார். பாம்புதான் வந்துவிட்டது என்று கரண்டியோடு ஓடினேன். காரின் மூக்கில் வெள்ளையாக ஓர் ஆங்கில எழுத்து. ஒய்.

"யூசுஃபா இருக்கும். இல்லாட்டி யாகூப்! நம்ம ஆளு ஒருத்தர் அந்தக் காலத்துலயே சோழவரத்துல ரேஸ் ஓட்டியிருக்கார் பாரு!"

பெரிய கடைத்தெருவில் இவர் ஒரு யூசுஃபையும் விட்டுவைக்கவில்லை. "தம்பி, நான் சைக்கிள்ல இருந்தே விழுந்துருக்கேன்" என்று ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கடைசியில் அழகிரிதான் போன் செய்து, தன் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்றார். காரை விற்றவர் ஸ்ரீரங்கத்து மாதவன் சார், கைலாசபுரம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்.

"மாதவனுக்கு எதுக்குங்க ஒய்?" என்றேன். இவருக்கும் தெரியவில்லை. கிளம்பிப் போனோம்.

அடையவளஞ்சான் வீதியில் ஒரு ஃப்ளாட். கதவைத் திறந்தவர் மாதவன் சாரின் மனைவி கோதை மாமி. "வாங்கோ, உள்ளே வாங்கோ" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். "சார், உங்க ரேஸ் கார் இப்ப எங்ககிட்ட இருக்கு" என்று இவர் சொன்னாரோ இல்லையோ, மாதவன் சார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். மாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. காபி போடுகிறேன் என்று உள்ளே போனார். பாத்திரம் விழுந்த சத்தம் காபி போடுகிற சத்தமாக இல்லை. நானும் பின்னாலேயே போனேன்.

"கார் மூக்குல ஒய்னு இருந்துதா?" என்றார் மாமி, என்னைப் பார்க்காமல்.

"இருக்கு மாமி."

"யமுனா. இவரோட காலேஜ்ல படிச்சவளாம். கல்யாணம் ஆன புதுசுல என் நாத்தனார் சிரிச்சுண்டே சொன்னா, ஃபோட்டோவையும் காட்டினா."

அந்தக் கறுப்பு வெள்ளை ஃபோட்டோவை அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து எடுத்தார். காரில் சாய்ந்தபடி இளவயது மாதவன் சார். மூக்கில் பளிச்சென்று ஒய்.

"இவர்கிட்டயே கேட்டேனே. நாமம் போட்டேன்னார். நாமம்னா நடுவுல சிவப்புக் கோடு எங்கேன்னு ஃபோட்டோவைக் காட்டினேன். வாயே திறக்கலை. நாமம் போட்டார்தான், எனக்குப் போட்டார், பட்டை நாமம்!"

ஒருத்தரை ஏமாற்றினால் எங்கள் ஊரில் நாமம் போட்டுவிட்டான் என்றுதான் சொல்வோம். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியின் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இவா வடகலை. இவா நாமம் யூ மாதிரி இருக்கும், கீழே பாதம் கிடையாது. ஒய் மாதிரி பாதம் வெச்ச நாமம் தென்கலை, எங்காத்து நாமம். இவர் எதுக்கு அதைக் காருக்குப் போடப்போறார்? சொல்லு. இந்த வயசுல இதெல்லாம் ஒரு பேச்சான்னு நினைப்பே. இவர் அசந்து தூங்கறச்சே மூஞ்சியைப் பாப்பேன்மா. ஆசையாத்தான் இருக்கும். உடனே அந்த ஒய் வந்து நிக்கும்."

கதவருகே மாதவன் சார் நின்றிருந்தார். "அந்தச் சண்டைலதான் காரை வித்தேன். வித்தும் என்ன, அது இந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நல்ல மனிதர்கள், நடுவே ஒரு தகர மூக்கு! ஃபோட்டோவை வாங்கி மறுபடி பார்த்தேன். கார் கருஞ்சிவப்பு. அதன்மேல் சிவப்புக் கோடு போட்டால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் இருட்டாகத்தானே தெரியும்?

"ஏங்க, மூக்குல நடுவுல என்ன இருக்கு?" என்று, சாருக்குப் பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அங்க எங்கயோ இடிச்ச பழைய டொக்கு ஒண்ணு இருக்கு. யாரோ பட்டி பூசி மூடியிருக்காங்க. அதை நான் தேய்க்கல" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா டொக்கு விழுந்தா அந்த எடத்துல பெயிண்ட் பேந்திருக்கும். அடியில கோடு இருந்தாலும் இப்ப இருக்கணும்னு இல்ல."

"அப்போ தேய்க்க வேண்டாம்" என்றார் மாதவன் சார் அவசரமாக.

"ஏன் வேண்டாம்?" மாமி திரும்பினார்.

"அங்க ஒண்ணும் இல்லேன்னா, நான் பொய்யனாவே செத்துப்போவேன், கோதை."

மாமி அடுப்பை அணைத்தார். "நான் வரேன். இன்னிக்கே வரேன்."

பட்டறையில் மாமிக்கு ஒரு ஸ்டூல் போட்டோம். அவர் உட்காரவில்லை. மாதவன் சார் காரைத் தொடக்கூட இல்லை, தள்ளியே நின்றார். இவர் பிஸ்மில்லாஹ் சொல்லி, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துப் பூப்போலத் தேய்த்தார். சாம்பல் நிறத்தில் பட்டி கரைந்து வழிந்தது. அடியில் வெறும் தகரம் மின்னியது. டொக்கின் குழி. பெயிண்ட் துளிகூட இல்லை. யா அல்லாஹ், எதற்கு வாயைத் திறந்தேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"மேல தேய்ங்க" என்றேன்.

குழிக்கு மேலே தேய்த்தார். தண்ணீர் விட்டுத் துடைத்தார். கருஞ்சிவப்புக்கு நடுவே, அதைவிடப் பளிச்சென்று, விரல் அகலத்தில் ஒரு குங்குமச் சிவப்பு. குழிக்குக் கீழேயும் அதே சிவப்பு. நேர்க்கோடு. இரண்டு பக்கமும் வெள்ளை, அடியில் பாதம்.

மாமி புடவைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றினார். "எங்காத்து நாமம்" என்றார். அப்புறம் சத்தமாக, "ஏன்னா, எங்காத்து நாமம்!"

"நமக்கு நிச்சயமாகியிருந்த வாரம்" என்றார் மாதவன் சார். "நிச்சயம் பண்ணினப்புறமும் எங்கப்பா தென்கலைச் சம்பந்தமே வேண்டாம்னு முறுக்கிண்டு நின்னார். வீட்டுல வாயைத் திறக்க முடியலை. நீ வரப்போறேங்கற சந்தோஷத்தை எங்கயாவது போட்டுக்கணும்போல இருந்துது. காருக்குப் போட்டேன்."

"அசடே அசடு! நாமம்னு மொட்டையாச் சொன்னா? உன் நாமம்டீன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவேள்?"

"சிவப்பு எங்கேன்னு நீ அதட்டினே. எனக்கும் ரோஷம் வந்துடுத்து. பட்டி பூசினதுல கோடும் மறைஞ்சு போயிருந்துது, கார்ல காட்டவும் முடியலை."

மாமி அழுதார், அழுகைக்கு நடுவே சிரித்தார். எனக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் வாட்டர் பேப்பரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், மனுஷன் அழுதுவிடுவார் போல.

மாமி அந்தக் குழியில் விரலை வைத்தார். "இந்த நாமத்தோட ஓட்டின அன்னிக்கு ஜெயிச்சேளா?"

மாதவன் சார் அப்போதுதான் காரின் பக்கத்தில் வந்தார். "நீ இதைக் கேட்டதே இல்லையே, கோதை."

"இப்போ கேக்கறேன்."

"கடைசிக்கு முந்தி வந்தேன். நன்னாத்தான் போயிண்டிருந்தேன். வளைவுல ஒருத்தன் குறுக்கே வந்தான், அவன் வண்டி பின்னாடி போய் இடிச்சேன். சரியா அந்த எடத்துல."

"எங்காத்து நாமத்துலயா? யார் அவன்?" மாமி வரிந்துகட்டிக்கொண்டு கேட்டார், அவன் ஏதோ வாசலில் நிற்பதுபோல.

இவருக்கு உடனே கிறுக்கு ஏறிவிட்டது. எந்த வருஷம், எந்த ரேஸ் என்று கேட்டு ரெக்கார்டு செய்யப் போனை எடுத்தார். நான் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சும்மா இருங்க. இது உங்களுக்குச் சொல்றது இல்ல."

மாமி அப்போதுதான் அந்த ஸ்டூலை இழுத்துக் காரின் மூக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கோ."