சாளையில் வளர்ந்த வெட்டுக்கிளிகள்

"சார், நம்ம பேப்பரைத் திரும்ப வாங்கிக்கணுமுங்க."

சொல்லிவிட்டேன். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே மூத்த மாணவி ஜானவி எச்சரித்திருந்தாள். சாரிடம் லீவு கேள், கையெழுத்து கேள், அச்சான கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி மட்டும் உயிரே போனாலும் கேட்காதே.

என் ஆய்வு வழிகாட்டி வெங்கடகிருஷ்ணன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னத்துக்கு?"

"அதுல இருக்கற எண்ணிக்கை தப்புங்க சார்."

"எண்ணினது யாரு?"

"நான்தானுங்க."

"அப்போ தப்பு ஒன்னோடதாக்கும். பேப்பர் என்ன பண்ணும், பாவம்?"

பள்ளிவாசல் என்கிற மலையூரின் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, புல்சரிவில் ஒரு வெட்டுக்கிளி இருக்கிறது. அவற்றில் சிலவற்றுக்கு வழக்கமான குரோமோசோம்களோடு உபரியாக ஒன்று இருக்கும். உடம்புக்கு அதனால் பத்து பைசாப் பிரயோசனமில்லை என்றுதான் நினைத்திருந்தோம். தாயிடம் அப்படி ஒன்று இருந்தால் பிள்ளைகளில் பாதிக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். எங்கள் கணக்கில் நூற்றுக்கு எழுபத்தாறு பிள்ளைகளிடம் இருந்தது. தாயின் முட்டைக்குள்ளேயே அது நியாயத்தை மீறி முந்திக்கொள்கிறது, குரோமோசோம்கள் பரிணமிப்பதில் இந்த ஓரவஞ்சனைக்கும் பங்குண்டு என்று எழுதினோம். எனக்கு ஒரு மாநாட்டில் பரிசு கிடைத்தது. சாருக்குப் புதிய ஆராய்ச்சித் திட்டம் கிடைத்தது.

எங்கள் வளர்ப்பு அறையில் ஏசி செத்துப்போயிருந்த வருடம் அது. கூண்டுகளை என் ஊரான எருத்தேன்பதிக்கு, எங்கள் மாட்டுச் சாளைக்குக் கொண்டுபோனேன். நான் மலையில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த ஆறு வாரமும் அம்மாதான் அவற்றுக்குப் புல் அறுத்துப் போட்டாள், அவை முட்டையிடும் மணலை ஈரமாக வைத்திருந்தாள். கட்டுரையிலோ, 'கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வகச் சூழலில் வளர்க்கப்பட்டன' என்று இருக்கிறது. "மாட்டுக் கொட்டகைன்னு எழுதினா எல்லாரும் சிரிப்பா" என்று சார் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

கட்டுரை வந்தபோது அம்மா அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு, "இதுல எம்பேரும் இருக்குதா கண்ணு?" என்று சிரித்தாள். அதெல்லாம் போட மாட்டார்கள் என்றேன்.

இந்த வருடமும் ஏசி சரியாகாததால், ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்காக மறுபடியும் கூண்டுகள் சாளைக்குப் போயின. ஓணம் லீவில் ஒருநாள் முன்னதாகவே ஊருக்குப் போனேன். அம்மா கூண்டுக்குள் கையை விட்டு, சின்னச் சின்னக் குஞ்சுகளாகப் பொறுக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். காலடியில் கோழிகள் வட்டம் கட்டி நின்றன.

"என்னம்மா பண்றே?"

"போன வருசம் பண்ணுனதுதான். நோஞ்சானையெல்லாம் எடுத்துட்டா மத்தது தெம்பா வருமில்ல. மொளகா நாத்துல எடுக்கறதில்லையா?"

"போன வருசம் எத்தன எடுத்தே?"

"யாரு எண்ணுனா? கோழியத்தான் கேக்கோணும்."

"படிக்காத முண்டமே!" என்று கத்தினேன். பெற்றவளைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அவள் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தாள்.

"எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தீன்னா தொட்டிருக்க மாட்டேனில்ல."

சொல்லவில்லைதான். ஆய்வகத்துக்கு வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கூண்டைத் திறப்பதற்கே இரண்டு பக்கம் எழுதித் தருவேன். அம்மாவிடம், "பாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தேன்.

அதன் பிறகு புதிதாக முட்டையிட வைத்து, ஒன்றையும் எடுக்காமல் வளர்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் நூற்று ஒன்பதிடம் உபரிக் குரோமோசோம் இருந்தது. பாதிக்குப் பாதி. பின்தங்கிப் பொரிந்த நோஞ்சான்களில் பெரும்பாலானவற்றிடம் அது இல்லை. போன வருடம் கோழி தின்றவையும் அவையாகத்தான் இருக்கும்; மிஞ்சியவற்றை எண்ணித்தான் எழுபத்தாறு என்றிருக்கிறேன். முட்டைக்குள் ஓரவஞ்சனை எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் சாளையில்தான்.

இதையெல்லாம் சொல்லி, புதிய எண்ணிக்கையை மேசைமேல் வைத்தேன். சார் ரொம்ப நேரம் பார்த்தார். புரிந்துகொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தீசிஸ் அடுத்த மாசம் குடுக்கணும். இப்போ போயி இதை எளக்கிக் கெளறணுமா?"

"எளக்கித்தானுங்க ஆகணும்."

"சரி, ஒரு சின்னத் திருத்தம் போடுவோம். 'பயிற்சியில்லாத உதவியாளர் செய்த பிழை'ன்னு ஒரே வரி. பேரெல்லாம் வேண்டாம். ஒனக்கும் சேதமில்லை, எனக்கும் சேதமில்லை."

ஒரு நிமிடம் அது எனக்கு இனித்தது. வெட்கக்கேடு, ஆனால் இனித்தது. பேரில்லாத யாரோ ஒருத்தி. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, படிக்கப்போவதுமில்லை. முண்டமே என்று நான் கத்தியதைத்தான் இவர் மரியாதையான பாஷையில் சொல்கிறார் என்று அப்புறம் உறைத்தது.

"அவங்களுக்கு யாரும் சொல்லித்தரலீங்க. சாளைய ஆய்வகம்னு எழுதுனது நான். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது நீங்க."

"கேட்டியா தமிழ்ப்ரியா, ஒன் வீட்டிலேர்ந்து காலேஜ் வாசலை மிதிச்ச மொதல் ஆள் நீயாக்கும். டாக்டர்னு பேருக்கு முன்னாடி போட்டுக்கணும்னா கொஞ்சம் வாயை மூடத் தெரியணும்."

"இத்தன நாளு மூடியிருந்தனுங்க. நீங்க எழுதலீன்னா பத்திரிகைக்கு நானே எழுதறேன்."

"எழுதினா தீசிஸ் இல்லை. அஞ்சு வருஷம் போச்சு. அப்பறம் ஊர்ல போயி மொளகா நடு."

"தெரியுமுங்க."

பத்திரிகைக்கான கடிதத்தின் முதல் வரிகளைக் காலையில் பஸ்ஸிலேயே எழுதியிருந்தேன். 'இந்தப் பூச்சிகளை எருத்தேன்பதியில் ஒரு மாட்டுச் சாளையில் வளர்த்தவர் என் தாய் கோமதி. அவருக்கு உரிய முறையைச் சொல்லித்தராதது என் தவறு.' அதை எழுதும்போது கை கூசியது. சாளை என்று எழுதியதற்காக இல்லை. எழுத இத்தனை நாளானதற்காக.

சார் ஜானவியைக் கூப்பிட்டு, எனக்குப் புத்தி சொல்லச் சொன்னார். அவள் எழுந்து வருவதற்குள் நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போயிருந்தேன்.