விழுந்தால் விஜயபாண்டி

1

இந்தக் கதை எனக்குப் பந்திக்கு இடம் பிடிக்கப் போன வழியில் கிடைத்தது. 1993, அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருந்தது. மணமேடைக்கு மேலே பல்புப் பலகையில் ‘உதயகுமார் – கனகலட்சுமி’ என்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அணைந்தது, எரிந்தது, ‘விஜயபாண்டி’ என்றது. மாப்பிள்ளை பெயர் உதயகுமார். எனக்குப் பசி போய்விட்டது.

2

பலகைக்குள் ஒரு சின்னச் சிப்பு. அதற்குள் ஒரு காவல்நாய்.* ஓடுகிற புரோகிராம் அவ்வப்போது அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டவில்லையென்றால், புரோகிராம் எங்கோ சிக்கிக்கொண்டது என்று முடிவுகட்டிப் பிடரியில் ஒரு தள்ளு தள்ளும், எல்லாம் முதலிலிருந்து. சமையற்கட்டில் கிரைண்டர் போட்டபோதெல்லாம் கரண்ட் ஆடி, பலகை மிரண்டு சிக்கியது, நாய் தள்ளியது.

(* நிஜ நாய் அல்ல, புரோகிராமைக் கண்காணிக்கும் ஒரு கடிகாரம். ‘வாட்ச்டாக்’ என்பார்கள். பெயர் நான் வைத்ததும் அல்ல.)

முதலிலிருந்து என்றால், சிப்பில் அழியாமல் எழுதிவைத்த சோதனை வரியிலிருந்து. மணமக்கள் பெயர் அன்று காலை பதித்தது. அதை அழித்துவிட்டுத்தான் பலகை தொடங்கும். ‘இப்போதுதான் பிறந்தேனா, விழுந்து எழுந்தேனா?’ என்று அது தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டிருந்தால் பெயர்கள் பிழைத்திருக்கும். எனக்குக் கதை கிடைத்திருக்காது.

சோதனை வரியை எழுதியவள் சுகந்தி. பலகையைச் செய்துகொடுத்த டவுன் டிவி ரிப்பேர் கடையில் புரோகிராம் அவள் வேலை. வயர், பல்பு, ஏணி எல்லாம் உடன் வேலைபார்க்கும் விஜயபாண்டி. எம்.ரெட்டியபட்டிக்காரன். எடுப்பான மூக்கு. அந்த மூக்கை எப்படிச் சொல்வது, பரளச்சிப் பக்கம் சித்திரை வெயிலில்—

1

இந்தக் கதை எனக்குப் பந்திக்கு இடம் பிடிக்—

(மன்னிக்கவும். கதைக்கும் ஒரு காவல்நாய் வைத்திருக்கிறேன். நான் மூக்கில் சிக்கிக்கொண்டதும் தள்ளிவிட்டது.)

3

சுகந்தி ஓடிப்போய் மணமக்கள் பெயரை மறுபடி பதிப்பாள். கிரைண்டர் மறுபடி ஓடும். மூன்றாவது முறை ‘விஜயபாண்டி’ மின்னியபோது பெண்ணின் அப்பா ராஜகுரு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வத்தல் வியாபாரி.

“எவம்லே அவன் விஜயபாண்டி? எம் மக கல்யாணத்துல அவன் பேரு எதுக்கு?”

பாலவனத்தத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உதயகுமாரின் அக்கா தம்பியின் கழுத்து மாலையைக் கழற்றக் கை வைத்தாள்.

“அது யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா!” கனகலட்சுமி அழுதாள்.

ஏணியில் நின்ற விஜயபாண்டி ஒரு படி கீழே இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டான். கல்யாணம் நின்றால் அவனைச் சும்மா விடமாட்டார்கள். எந்தத் தெரு, என்ன ஆளு என்றெல்லாம் கேட்பார்கள். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே எழுதிய எனக்கும் இங்கே பயமாகத்தான் இருக்கிறது.

சுகந்தி மைக்கைப் பிடுங்கினாள்.

“அண்ணாச்சி, அந்தப் பேரு நான் போட்டது. உங்க மகளுக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல. எழுத்து சரியா விழுதான்னு பாக்க ஏதாவது ஒரு பேரு வேணும். எனக்கு வேற பேரு வரல. அவுககிட்டகூட இன்னும் சொல்லல.”

(இந்த வசனத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது.)

முதலில் நாதஸ்வரக்காரர் சிரித்தார். பிறகு மாப்பிள்ளையின் அக்கா, மாலையை விட்டுவிட்டு. கனகலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். ராஜகுரு மட்டும் விறைப்பாக, “ஏலே, ஏணி! அந்தப் பிளக்கப் புடுங்கு!” என்றார்.

விஜயபாண்டியின் கை பிளக்கில்.

முடிவு அ: புடுங்கினான். பலகை இருண்டது, சுகந்தியின் முகமும்— வேண்டாம், மனசு கேட்கவில்லை.

முடிவு ஆ: “சுகந்தி, நானும் உன்னய—” சே, சினிமா.

முடிவு இ: அவன்

1

இந்தக் கதை எனக்கு—

இல்லை. இந்த முறை கேட்டுவிடுகிறேன். இப்போதுதான் பிறந்தேனா, விழுந்து எழுந்தேனா? விழுந்தேன். எங்கே? பிளக்கில்.

3

பிளக்கில் கை. கனகலட்சுமிக்குத் தாலி ஏறிவிடும், அந்தக் கவலை தீர்ந்தது. சுகந்தி மைக்கை இன்னும் கீழே வைக்கவில்லை, ஏணியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே சட்னிக்குக் கிரைண்டர் ஓடுகிறது. பலகை அணைகிறது. எரிகிறது. தலைக்கு மேலே தன் பெயரை விஜயபாண்டி இப்போதுதான் எழுத்து எழுத்தாகப் படிக்கிறான்.

அந்த நேரம் பார்த்து என்னைப் பந்திக்கு இழுத்துப் போய்விட்டார்கள். நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள். பிளக்கைப் புடுங்கச் சொல்வதா, விடச் சொல்வதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தயங்கினாலும் பரவாயில்லை, நாய் தள்ளும், பலகை விழும், எழும். எழுந்ததும் யார் பெயரைச் சொல்லும் என்று இப்போது மண்டபத்துக்கே தெரியும்.