ஐந்தாவது கியர்

சில்வெஸ்ரருக்கு அன்றைக்குப் புதுக் கார் பார்க்கும் ஆசை துளியும் இருக்கவில்லை. விடியப்புறம் அனலைதீவு லாஞ்சில் வந்திறங்கிய நெஞ்சு நோக்காரன் ஒருவனை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அத்தனை மைலும் திரும்பி ஓடி வந்து, ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று முதலாளி வீட்டுக் குசினிப் பக்கம் போனவரை, "சில்வெஸ்ரர், இஞ்சாலை முன்பக்கம் வாரும்" என்று முதலாளி கூப்பிட்டார். இடுப்புக்கு மேலே நாரி கடுத்தது. கண்ணுக்குள் மண் கிடந்தது. ஐம்பத்தெட்டு வயது மனுஷனை ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க விடாத ஊரும் ஒரு ஊரா என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே முன்பக்கம் போனார்.

முற்றத்தில் நின்றது அந்தக் கார். மாதுளம்பூ நிறம். இரண்டே கதவு. முழங்கால் உயரத்துக்குக் குனிந்து, பாயப்போகிற மாதிரி நின்றது. பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய இளந்தாரி ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான். பெயர் தில்லைநாதன்; கொழும்பில் கார் விற்கிற கொம்பனி ஒன்றின் ஆள். ஜப்பானில் இருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத புது வண்டியை, வாங்கப்போகிறவர் ஓடிப் பார்க்கட்டும் என்று தீவுக்குள் இருக்கிற கரம்பொன் வரைக்கும் கொண்டுவந்திருந்தான்.

வாங்கப்போகிறவர் விநாயகமூர்த்தி முதலாளி. பதுளையில் புடவைக்கடை வைத்திருந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்தபின் மிஞ்சியதைச் சுருட்டிக்கொண்டு ஊரோடு வந்து மூன்று வருஷம். மகள் மீனாம்பிகைக்கு எஞ்சினியர் மாப்பிள்ளை ஒன்று பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை; 'பெடியனுக்கு ரெண்டு கதவுக் காரிலை ஒரு விருப்பம்' என்று மட்டும் காற்றோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சீதனம் கேட்பதில் அவர்கள் அப்படி நாகரிகமானவர்கள்.

முதலாளிக்குக் கார் ஓடத் தெரியாது. அவருடைய ஒஸ்ரின் காரை இருபத்தேழு வருஷமாக ஹயருக்கு ஓடுகிறவர் சில்வெஸ்ரர்தான். முதலாளி பதுளையில் கிடந்த காலமெல்லாம் காரும் சில்வெஸ்ரரும் இங்கே கிடந்தார்கள். ஒருநாளாவது 'எங்கை போனனீர், எவ்வளவு உழைச்சனீர்' என்று அந்த மனுஷன் கேட்டதில்லை. கிணற்றுக்கு மோட்டர் வாங்கினாலும் சில்வெஸ்ரரைக் கேட்டுத்தான் வாங்குவார். போன வருஷம் பசு வாங்கும்போதும் கேட்டார். மாட்டைப் பற்றி றைவருக்கு என்ன தெரியும் என்று முதலாளியின் வீட்டுக்காரி முணுமுணுத்தது வீணாகப் போயிற்று.

"ஒருக்கா ஓடிப் பாரும்," என்றார் முதலாளி. "நீர் ஓம் எண்டால் எடுப்பம். ஏலாது எண்டால் விடுவம். எனக்கு உதிலை ஒண்டும் தெரியாது."

தில்லைநாதன் கதவைத் திறந்துவிட்டான். "ஓடிப் பாருங்கோ அண்ணை. ஐயா விரும்பினால் பழைய ஒஸ்ரினையும் நாங்களே எடுத்து விலையிலை கழிச்சு விடுவம். அதுவும் கதைச்சாச்சு."

கதைத்தாயிற்றாம். ஒஸ்ரின் போனால் சில்வெஸ்ரருக்கு என்ன வேலை? மாப்பிள்ளை தன்ரை காரைத் தானே ஓடுவான். இரண்டு பேர் இருக்கிற காருக்கு எந்த மடையன் றைவர் வைப்பான்? மகள் மேரிறோஸ் தாதிப் பயிற்சிக்குப் போய் இப்போதுதான் ஒரு வருஷம். இன்னும் இரண்டு வருஷம் தள்ள வேண்டும். மனைவி ஜசிந்தாவின் ஈளை இழுப்புக்கு மாதம் தவறாமல் மருந்து வேண்டும். முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அதில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. அந்த மனுஷன் அதைப்பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் அவருக்கு மிகவும் உறைத்தது.

சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். ஏறினார் என்பது பிழை. இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். சீற் அவ்வளவு பதிவு; தாழக் கிடந்தது. நிலத்தில் காலை நீட்டி இருக்கிறது போல இருந்தது. ஆனால் முதுகைக் கொண்டுபோய் வைத்த இடத்தில் அது பொருந்தி நின்றது. பின்னுக்கும் சீற் மாதிரி ஒன்று இருந்தது; அதில் ஒரு பூனை படுக்கலாம்.

ஒஸ்ரினின் கிளச்சை மிதிப்பதற்கு இடுப்பில் இருந்து பலம் வர வேண்டும். இதன் கிளச்சு பாதம் தொட்டதும் உள்ளே போயிற்று. கியர்த் தடி சாண் உயரம்கூட இல்லை. இரண்டு விரலால் தள்ள 'டுக்' என்று போய் இருந்தது. அதன் குமிழில் ஐந்து இலக்கம் எழுதியிருந்தது. நாலு கியருக்கு மேல் அவர் கண்டதில்லை.

"அஞ்சாவது எப்ப போடுறது, தம்பி?"

"அறுவதுக்கு மேலை போனால் போடுங்கோ அண்ணை. பிறகு பாருங்கோ."

கேற்றைத் தாண்டி ரோட்டில் ஏறினார்கள். அக்சிலேற்றரைச் சற்றுத்தான் அழுத்தினார், கார் தாவிற்று. மூன்றாம் கியருக்கு மாற்றி முடிக்கவில்லை, ஆலமரத்தடியில் ஒரு கை உயர்ந்தது. செல்லாச்சி, தலையில் கடகத்தோடு. சில்வெஸ்ரரின் கால் தானாகப் பிறேக்கில் போனது.

தீவில் கார் ஓடுகிறவனுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ரோட்டில் கை காட்டுகிற சனத்தை விட்டுப் போகக்கூடாது. அரசாங்க பஸ் நினைத்தால் வரும், நினையாவிட்டால் வராது. ஒஸ்ரினில் இடமில்லை என்று ஒருநாளும் ஒருவரும் நின்றதில்லை. மடியில் இருப்பார்கள், மிதிபலகையில் தொங்குவார்கள், டிக்கிக்குள் கருவாட்டுச் சாக்கோடு குந்துவார்கள். கொடுக்கிறதைக் கொடுப்பார்கள், சிலர் கொடுக்கவும் மாட்டார்கள்.

"ஆச்சி, இதிலை ஏலாது. இடமில்லை," என்றார் சில்வெஸ்ரர், கண்ணாடியை இறக்கி.

"இது ஆற்றை கார்? உன்ரை கார் எங்கை?" என்று செல்லாச்சி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு பெரிசா மூக்கு இருக்கு, உள்ளுக்கு ஆள் இருக்க இடமில்லையோ?"

தில்லைநாதன் சிரித்தான். சில்வெஸ்ரருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி முதலாம் கியர், இரண்டாம் கியர். நாரந்தனையில் பள்ளிக்கூட வாத்தியார். சுருவிலுக்குத் திரும்புகிற சந்தியில் கிளினிக்குப் போகப் பிள்ளையோடு நின்ற தாயும் மாமியும். அப்பால் மீன் பெட்டியோடு மூன்று பேர். ஒவ்வோர் இடத்திலும் கால் பிறேக்கில் போயிற்று. ஒவ்வோர் இடத்திலும் அதே 'ஏலாது'. வங்களாவடியைத் தாண்டும்போது பதினாலு பேருக்குச் சொல்லி முடித்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றை விட்டுவிட்டுப் போகிறபோது அவருக்குத் தன் முகத்தையே பார்க்க வெறுப்பாக இருந்தது. ஏலாது என்று சொல்வதில் இவ்வளவு களைப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஏற்றிக்கொண்டு போகிற களைப்பு மட்டும்தான் இதுவரை தெரியும்.

அல்லைப்பிட்டியும் போய், மண்டைதீவுச் சந்தியும் போய், பண்ணைத் தாம்போதியில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். நேர் ரோட்டு. ஒரு குஞ்சு குருமன் இல்லை.

"இப்ப ஓடுங்கோ அண்ணை," என்றான் தில்லைநாதன்.

மூன்று. நாலு. மீற்றர் முள் ஐம்பதைத் தாண்டி, அறுபதைத் தொட்டது. ஒஸ்ரின் நாற்பதுக்கே கதவெல்லாம் கதறும். இது அப்போதுதான் மூச்செடுத்தது. கியர்த் தடியை வலப்பக்கம் தள்ளி மேலே விட்டார். ஐந்து.

இரைச்சல் அடங்கிப் போயிற்று. கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. கடல்தான் பின்னுக்கு ஓடிற்று. ஸ்ரேறிங்கில் விரலை வைத்தாலே போதும், நினைத்த பக்கம் போனது. நாரி நோவு எங்கே போயிற்றோ தெரியாது. விடியப்புறத்து நெஞ்சு நோக்காரன், ஜசிந்தாவின் இருமல், இருபத்தேழு வருஷப் புழுதி எல்லாம் அந்த இரண்டு மைலுக்குள் அவரை விட்டுப் போயின. வாழ்நாளெல்லாம் கார் ஓடினேன் என்று நினைத்திருந்தேனே, மாட்டுவண்டியல்லவா ஓடியிருக்கிறேன் என்று நினைத்தார். சந்தோஷமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தும் விட்டார்.

யாழ்ப்பாணக் கரையில் திருப்பியபோது தில்லைநாதன் சொன்னான்: "எத்தினை பேர் இதை ஓடிப் பாத்தவை. உங்களை மாதிரி ஒருத்தரும் ஓடேல்லை அண்ணை."

அந்தச் சொல் இனித்தது. பிறகு கைத்தது. திரும்பி வருகிற வழியில் சில்வெஸ்ரர் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். இதைப்போல ஒரு காரை இனித் தொடப்போவதில்லை. நல்ல கார் என்று சொன்னால் நாளைக்கே ஒஸ்ரின் போய்விடும், அதோடு சோறும் போய்விடும். வழியில் பாதிச் சனம் அப்படியே நின்றது. பழக்கத்தில் அவர்கள் கை காட்டினார்கள். காரைக் கண்டதும் கையை இறக்கினார்கள்.

முற்றத்தில் முதலாளி கதிரையில் இருந்தார். "என்ன மாதிரி?"

சில்வெஸ்ரர் காரைப் பார்க்காமல் சொன்னார். "இது சரிவராது முதலாளி. சரியான பதிவு. எங்கடை ரோட்டுக்கு அடி தட்டுது."

ஒரு தரம்கூடத் தட்டவில்லை.

"சரி, விடுவம்," என்றார் முதலாளி. அவ்வளவுதான். ஏன், எங்கே தட்டினது என்று ஒரு கேள்வி இல்லை. அந்த நம்பிக்கை முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது சில்வெஸ்ரருக்கு.

தில்லைநாதனின் முகம் கறுத்துப் போயிற்று. "எங்கை அண்ணை தட்டினது? நானும் பக்கத்திலை இருந்தனான்தானே?"

அந்த இடத்தில் சில்வெஸ்ரர் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். முதலாளி முடிவைச் சொல்லியாயிற்று, தான் வென்றாயிற்று. ஆனால் பொய் சொல்லிப் பழகாத மனுஷன். பொய்க்குப் பக்கத்தில் ஒரு உண்மையையும் வைத்தால்தான் நிம்மதி என்று நினைத்துவிட்டார்.

"தட்டுறதை விடும் தம்பி. ரெண்டு பேர் இருக்கிற கார் இந்தத் தீவுக்கு என்னத்துக்கு? போகேக்கை பதினாலு சனம் கை காட்டினது. ஒருத்தரை ஏத்த முடிஞ்சுதோ?"

முதலாளி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "எத்தினை பேர்?"

"பதினாலு, முதலாளி."

"எந்தெந்த இடத்திலை?"

சில்வெஸ்ரருக்கு உற்சாகம் பிறந்தது. ஆலமரத்தடி, நாரந்தனை, சுருவில் சந்தி, வங்களாவடி என்று விரல் மடித்துச் சொன்னார்.

"திரும்பி வரேக்கையும் நிண்டவையோ?"

"பாதிப்பேர் அப்பிடியே நிக்கினம். பாவங்கள்."

"இண்டைக்கு மட்டுமோ, நெடுகவுமோ?"

"நெடுகவும்தான், முதலாளி. நான் காணாததோ? ஒஸ்ரின் எத்தினை பேரைத்தான் தாங்கும்?"

முதலாளியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கடை எரிந்தபின் மூன்று வருஷமாக அந்தக் கண்ணில் இல்லாத வெளிச்சம். அவர் தில்லைநாதன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்கடை கொம்பனியிலை மினிபஸ் இருக்கோ? இப்ப தனியாருக்கும் ஓட விடினமாமே."

"இருக்கு ஐயா! புதுசாவே இருக்கு," என்றான் தில்லைநாதன், அவன் முகம் பழையபடி சிரித்தது. "ஒஸ்ரினையும் கழிச்சு எடுப்பம்."

"எடுங்கோ. எஞ்சினியருக்குக் கந்தோராலை ஜீப் குடுக்கினம்தானே. மினிபஸ்ஸை மீனாம்பிகையின்ரை பேரிலை எழுதி விட்டால் நாளாந்தம் உழைச்சுக் குடுக்கும். மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் சொல்லுறன்." பிறகு சில்வெஸ்ரரின் தோளில் கை போட்டார். இருபத்தேழு வருஷத்தில் அப்படிப் போட்டதில்லை. "நல்ல யோசனை சொன்னீர். மினிபஸ்ஸிலை தங்கச்சீன்ரை மோன் சரவணமுத்துவை விடுவம். அவன் பெரிய வாகனம் ஓடுற லைசன் எடுத்துப்போட்டுச் சும்மா திரியிறான். உமக்கும் நாரி நோகுது, நாரி நோகுது எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டீர். காணும் சில்வெஸ்ரர், நீர் உழைச்சது. இனி வீட்டிலை ஆறும்."

அன்போடுதான் சொன்னார். அதில் குற்றம் காண ஏலாது. சில்வெஸ்ரருக்குக் கோபம்கூட வரவில்லை. இருபத்தேழு வருஷம் ஏற்றி இறக்கிய சனமெல்லாம் ஒருமிக்க மேலே ஏறி இருந்த மாதிரி உடம்பு கனத்தது. தன் வாயாலேயே தன் சோற்றில் மண் போட்டாயிற்று. அது போகட்டும், போனது போனதுதான். ஆனால் முற்றத்தில் நின்ற அந்தக் காரின்மேல் ஒரு பொய்ப் பழி கிடந்தது. அதையாவது எடுத்துவிட வேண்டும் போல இருந்தது.

"முதலாளி," என்றார். "நான் பொய் சொல்லிப்போட்டன். அடி ஒருக்காலும் தட்டேல்லை. என்ரை சீவியத்திலை இப்பிடியொரு காரை நான் ஓடினதில்லை. உது நல்ல கார். பிள்ளைக்கு அதையே குடுங்கோ."

முதலாளி சிரித்தார். "மீனாம்பிகைக்குப் பாத்த கார் எண்டு மனம் இளகிறீர். உம்மடை ஒஸ்ரினிலை பள்ளிக்கூடம் போய் வளந்த பிள்ளையெல்லே, விளங்குது. அதுக்காக என்னட்டைப் பொய் சொல்லாதையும் சில்வெஸ்ரர், உமக்கு அது வராது."

சொல்லிவிட்டு, மினிபஸ் விலை பேசத் தில்லைநாதனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அத்தனை வருஷத்தில் சில்வெஸ்ரரின் சொல்லை அவர் நம்பாமல் விட்டது அன்றைக்குத்தான்.