கடைக் கதவைக் கண்டால் கத்தும் ரேடார்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலிக்காரர்கள், முதுகுவலிக்காரர்கள் எல்லாம் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே அசுமினோவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கிறது. மெத்தை போர்த்திய சூட்டு மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டுதான் இதைத் தட்டுகிறேன். எழுத்து ஒன்றிரண்டு இடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீளப் பயணம் போகிறவர்கள் காரில் போலீஸை மோப்பம் பிடிக்கும் ரேடார் கருவி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். அவள் வீட்டுக்காரர் ஒன்று வாங்கி வந்துவிட்டாராம். இங்கே அது சட்டப்படி குற்றம் இல்லை. ஆனாலும் நல்லதா, கெட்டதா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

முதலில் என் வீட்டுக்காரர் மொரியோவின் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடம் ஒரு தப்பும் பண்ணாமல் ஓட்டினால் லைசென்ஸில் தங்க நிறப் பட்டை போட்டுத் தருவார்கள். இல்லாவிட்டால் நீலம். மொரியோவுக்கு வாழ்நாள் முழுக்க நீலம்தான். ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்கப் போகிற சமயம் பார்த்து எதிலாவது மாட்டிக்கொள்வார். ஒரு முறை நிறுத்தக் கோட்டில் சக்கரம் நிற்கவில்லை. இன்னொரு முறை காதில் போன். அதற்கும் முன்னால் எலிப்பொறி. புதருக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் ஒளிந்துகொண்டு வேகத்தை அளந்து பிடிக்கிறார்களே, அதற்கு எங்கள் ஊரில் எலிப்பொறி என்றுதான் பெயர்.

என்னுடையதோ தங்கம்! கல்யாணத்துக்கு முன் லைசென்ஸ் வாங்கினேன், மூத்தவன் பிறந்ததும் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். காகிதத்தில் மட்டும் டிரைவர். ஓட்டாதவள் என்ன தப்பு பண்ண முடியும்? ஒவ்வொரு தடவையும் தங்கம் தானாக வந்து சேரும். மொரியோவின் அக்கா கிகுனோவுக்கும் தங்கம். ஆப்பிள் தோட்டத்துக்கு மினி டிரக் ஓட்டி ஓட்டியே சம்பாதித்த உண்மையான தங்கம்.

இந்தத் தடவை மொரியோ கிட்டத்தட்ட ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டார். குளிர்காலத்தில் பிறந்தநாள், அப்போது புதுப்பிக்க வேண்டும். அதற்கு அடுத்த தடவை எழுபது தாண்டிவிடும், லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று அவரே சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு. அந்தத் தங்கப் பட்டையை நினைத்து ராத்திரி தூக்கத்தில்கூட இடதுபக்கம், வலதுபக்கம் பார்க்கிற ஆள் அவர்.

இலையுதிர்காலக் கடைசியில், கடலோரம் இத்தோய்கவாவுக்குப் போய் சிவப்பு நண்டு சாப்பிட்டு வரலாம் என்று கிகுனோ அண்ணி கிளப்பினார். ஒரே நாளில் போய்த் திரும்பிவிட வேண்டும். மறுநாள் காலை தோட்டத்தில் ஆப்பிள் பறிக்க ஆட்கள் வருகிறார்கள். மொரியோ உடனே கடைக்குப் போய் ரேடார் கருவியை வாங்கி வந்துவிட்டார். சோப்புக் கட்டி அளவு, உள்ளே ஒரு பெண் குரல்.

"இன்றும் பாதுகாப்பாகப் பயணிப்போம்!" என்றது, வண்டியைக் கிளப்பியதும்.

பின் சீட்டில் இருந்த அண்ணி முன்னால் எட்டிப் பார்த்தார். "யாருடா இவ? ரெண்டாவது சம்சாரமா?"

"போலீஸ் எங்க ரேடார் வச்சிருந்தாலும் இவ முன்னாடியே சொல்லிடுவாக்கா."

"ஒழுங்கா ஓட்டுறவனுக்கு இது எதுக்கு?"

"நான் ஒழுங்காத்தான் ஓட்டுறேன். அவங்கதான் ஒளிஞ்சு நின்னு பிடிக்கிறாங்க. எலிக்கும் காது வேண்டாமா?"

"எலின்னு நீயே ஒத்துக்கிட்டே. நோபுயே, கேட்டுக்கோ."

நான் கேட்டுக்கொண்டதோடு சரி. தங்கம் வைத்திருப்பவள் பேசினால் அவருக்கு ஆகாது.

ஓமாச்சியைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் அலறினாள். "ஜாக்கிரதை! முன்னால் ரேடார் அலை!"

மொரியோ பிரேக்கில் ஏறி நின்றார். என் மடியில் இருந்த ஆரஞ்சுகள் எல்லாம் காலுக்கடியில் உருண்டன. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. போலீஸ் எங்கே என்று மூன்று பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. சாலையோரத்தில் ராப்பகலாகத் திறந்திருக்கும் கொன்பினி கடை ஒன்றுதான் இருந்தது.

"வேகம் குறைஞ்சதுதான் குறைஞ்சது, நிறுத்து. நான் டாய்லெட் போகணும்" என்றார் அண்ணி.

டாய்லெட்டை மட்டும் பயன்படுத்திவிட்டு எதுவும் வாங்காமல் வெளியே வர முடியுமா? கடைக்காரப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது? சாற்றில் கொதித்துக்கொண்டிருந்த ஓடென் குண்டானிலிருந்து முள்ளங்கியும் முட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார் அண்ணி.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அலறல். மறுபடி பிரேக். மறுபடி கொன்பினி. இந்தத் தடவை எனக்கே அவசரமாக இருந்தது. சோற்று உருண்டை வாங்கினேன். மூன்றாவது அலறலில் வண்டி நின்றபோது, அண்ணி ஜன்னல் வழியாகக் கடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் உள்ளே போனார், கதவு தானாகத் திறந்தது. "ஜாக்கிரதை!" ஒருவர் வெளியே வந்தார், கதவு திறந்தது. "ஜாக்கிரதை!"

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய் மொரியோ! உன் பொண்டாட்டி கதவைப் பார்த்துக் கத்துறாடா! கதவுல இருக்கிற அந்தத் தானியங்கி சமாச்சாரம்தான் இவளுக்குப் போலீஸாத் தெரியுது!"

மொரியோவின் காது சிவந்துவிட்டது. "சரி, சரி. இப்ப தெரிஞ்சு போச்சில்ல? திரும்பி வரும்போது கொன்பினி பக்கத்துல கத்தினா நான் கண்டுக்கவே மாட்டேன். எந்தெந்த இடம்னு மனசுல குறிச்சுக்கிட்டே வர்றேன்."

ஹகுபாவைத் தாண்டி, பனிச்சரிவுக்காகக் கூரை போட்ட சாலைகளில் புகுந்து புகுந்து கடலைப் பார்த்தபோது, நண்டுக்கு வயிற்றில் இடமே இல்லை. ஆனாலும் நண்டு நண்டுதானே! அவித்துக் குவித்திருந்த சிவப்பைப் பார்த்ததும் இடம் தானாக வந்துவிட்டது.

அங்கேதான் விஷயம் கெட்டது. அண்ணி தனக்கொன்றும் எனக்கொன்றுமாக நண்டு ஓட்டில் சூடான சாகே, அதாவது அரிசி மது, ஊற்றி வாங்கி வந்தார். உள்ளே நண்டுக் குடல் கரைந்து பார்ப்பதற்கு ரசம் மாதிரியே இருக்கும். நான் கை கழுவப் போயிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் தட்டில் இருப்பது இவருக்குத் தன் தட்டில் இருப்பதைவிட ருசி. திரும்பி வந்து பார்த்தால் என் ஓடு காலி. மொரியோ நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"ரசம் அருமையா இருக்கு. கொஞ்சம் காரமா..." என்று இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணி தன் ஓட்டைக் கீழே வைத்தார். "அது ரசம் இல்லடா."

"அக்கா!"

"நான் உனக்கா வாங்கினேன்? நோபுயேவுக்குன்னுதானே வாங்கினேன்! திருடித் தின்னது நீ."

மொரியோ கார் சாவியைப் பார்த்தார். சாவியை மேஜைமேல் வைத்தார். ஒரு வாய்தானே என்று சொல்கிற ஆள் அவர் இல்லை, அதுவும் தங்கம் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கும்போது. அண்ணியோ அதற்குள் தன் ஓட்டை முடித்திருந்தார். காலையில் தோட்டத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"என்னங்க, என்னைப் பார்க்காதீங்க" என்றேன்.

"உங்கிட்ட தங்கம் இருக்கில்ல" என்றார் மொரியோ. இத்தனை வருட எரிச்சலையும் அந்த ஒரு வார்த்தையில் இறக்கி வைத்தார்.

நான் கடைசியாக ஓட்டியபோது காரில் மூன்று பெடல் இருந்தது. இப்போது இரண்டுதான். இடது கால் கிளட்சைத் தேடித் தேடி அலுத்துப்போய் விரிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது. முதலில் வாகன நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஒரு பாட்டம் வியர்த்துக் கொட்டியது. பிறகு துணிந்து சாலைக்கு வந்தேன்.

"இன்றும் பாதுகாப்பாகப் பயணிப்போம்!" என்றாள் அந்தப் பெண். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

ஐம்பதில் போகலாம் என்று போர்டு சொன்னது. நான் முப்பதைத் தாண்டவில்லை. கண்ணாடியில் பார்த்தால் என் பின்னால் கோயில் ஊர்வலம் மாதிரி வண்டிகள். அண்ணி பின்னால் குறட்டை. மொரியோ கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

மலைச் சாலை முடிந்து நேரான பாதை வந்தது. எல்லாரும் அங்கேதான் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். தூரத்தில் ஒரு கொன்பினியின் விளக்குப் பலகை தெரிந்தது. "ஜாக்கிரதை! முன்னால் ரேடார் அலை!"

"என்னங்க, கத்துது."

"கடைக் கதவுதான். வரும்போது இங்கதானே சோத்து உருண்டை வாங்கினே? எனக்கு எல்லா இடமும் நினைவிருக்கு. நீ நல்லா மிதி, பின்னால இருக்கிறவங்க நம்மளைச் சபிக்கிறாங்க."

"ஜாக்கிரதை!"

"இவ்வளவு அவசரமாச் சொல்றாளே..."

"அவ பேச்சைக் கேட்பியா, எம்பேச்சைக் கேட்பியா?"

நீங்களே சொல்லுங்கள், யார் பேச்சைக் கேட்பது? முப்பது இருபத்தைந்தானது. அந்த வேகத்தில் கடையை நெருங்கும்போதுதான் பார்த்தேன். சுவரோரம் மடக்கு நாற்காலி போட்டு ஒரு போலீஸ்காரர், முன்னால் முக்காலியில் ஒரு கருவி. கொஞ்சம் தள்ளி, கடை வாசலில் சிவப்புக் கொடியோடு இன்னொருவர். எலிப்பொறி!

மொரியோவின் மூச்சு நின்ற சத்தம் எனக்குக் கேட்டது.

நானோ போலீஸ்காரர் கண்ணில் பட்டாலே பிடிபட்டதாக அர்த்தம் என்று நினைத்துவிட்டேன். கொடிக்காரர் கொடியைத் தூக்கக்கூட இல்லை. நானாகவே அவர் முன்னால் வண்டியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, தங்க லைசென்ஸை இரண்டு கையாலும் நீட்டினேன். "மன்னிச்சிருங்க. இனிமே செய்ய மாட்டேன்."

இளம் பிள்ளை அவர். என்னைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார். "அம்மா, நான் உங்களை நிறுத்தலையே."

"இல்லையா?"

"இருபத்தஞ்சுல வந்தீங்க. உங்களை எதுக்குப் பிடிக்கிறது?"

அந்த நேரம் பார்த்துக் கருவி உற்சாகமாகக் கூவியது. "அருகில் காவலர்கள் இருக்கக்கூடும்! கவனம்!"

அவர் குனிந்து அதைப் பார்த்தார். "ஆமா, இருக்கேன்" என்றார் அதனிடம்.

அண்ணி விழித்துக்கொண்டார். "என்ன, கொன்பினி வந்தாச்சா? எனக்கு டாய்லெட் போகணும்."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "அம்மா, கொஞ்சம் கடை வாசலுக்குள்ள ஒதுங்கிக்கோங்க. உங்க பின்னால வரிசை ரொம்ப நீளமா இருக்கு. அவங்க போகட்டும்." பிறகு கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார்: "நீங்க கூட்டிட்டு வந்த வண்டி ஒண்ணுகூட முப்பதைத் தாண்டலை."

ஒதுங்கினேன். என் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். முதல் ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தவர், முக்காலியைப் பார்த்ததும் என்னைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்தவரும் அப்படியே. எனக்கு ஒரே பெருமை.

மொரியோ அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நான் ஓட்டியிருந்தா மிதிச்சிருப்பேன்" என்றார்.

"ஆமாங்க."

"அவ சொல்லியும் கேட்டிருக்க மாட்டேன்."

"ஆமாங்க."

அண்ணி கதவைத் திறந்து இறங்கியபடியே திரும்பினார். "இத்தனை வருஷமா நோபுயேவுக்கு எப்படித் தங்கம் வருதுன்னு கேட்டுக்கிட்டிருந்தியே. இப்ப தெரிஞ்சுதா? ஓட்டாம இருந்தா வரும்!"

அண்ணி விளையாட்டுக்குச் சொன்னார். மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மருத்துவமனைக்கு நான், சந்தைக்கு நான், முடிவெட்டும் கடைக்கும் நான். பிறந்தநாள் வந்ததும் லைசென்ஸ் அலுவலகத்துக்கும் நானே ஓட்டிக்கொண்டு போனேன். நீலக்காரர்கள் நீண்ட வகுப்பில் உட்கார்ந்திருக்க, தங்கக்காரர்களோடு சீக்கிரமே வெளியே வந்தார் மொரியோ. வாசலிலேயே நின்று அட்டையை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பட்டை மின்னியது. கண்ணும் மின்னியது. நான் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

"இனிமே ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"பைத்தியமா? அழுக்காயிடும்" என்று சொல்லி, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது காகித டிரைவர் அவர். நான் ஐம்பதில்கூடப் போகிறேன், நம்புங்கள். கருவி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: வேகமாகப் போவதற்காக வாங்கினால் வேண்டாம், அது ஏமாற்றிவிடும், இல்லை நீங்களே அதை நம்பாமல் ஏமாந்துபோவீர்கள். கத்தும்போதெல்லாம், கடையோ போலீஸோ, காலை எடுத்துவிடுவேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். டாய்லெட் கண்டுபிடிக்க அதைப் போல் வேறொன்று இல்லை.

உங்கள் வீட்டுக் காரில் இப்படி ஒரு பெண் கத்துகிறாளா? அவள் பேச்சைக் கேட்கிறீர்களா, வீட்டுக்காரர் பேச்சைக் கேட்கிறீர்களா? எலிப்பொறியில் மாட்டிய கதை, மாட்டாமல் தப்பிய கதை, எதுவானாலும் கீழே எழுதுங்கள். மொரியோவுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறேன். பக்கத்து சீட்டில் அவருக்கு வேறு வேலை இல்லை.