ராக்காயி வீட்டுக் கற்பூரம்

அய்யனார் கோயில் பலிபீடத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கற்பூரம் எரிவதும் அணைவதுமாக இருந்தது. வரிசையின் கடைசியில் நின்ற ராக்காயி ஒலிபெருக்கியையே கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டை அல்ல, அது பாடுகிறதா என்பதை. கோயிலுக்கும் ஊருணிக்கு அக்கரையிலுள்ள அவள் வீட்டுக்கும் மின்சாரம் ஒரே கம்பியில் வருகிறது. பாட்டு ஓடும்வரை அங்கே அவள் புருஷன் சேவுகனுக்கு மூச்சும் ஓடும்.

கல்குவாரித் தூசி தின்றுபோட்ட நுரையீரல் அவனுடையது. ஆக்சிஜன் மிஷின் சுவரோரம் உறுமினால்தான் அவனால் உட்கார முடியும். மின்சாரம் நின்றால் மூலையிலிருக்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றவேண்டும். அந்தத் திருகை முறுக்க அவன் கையில் வலுவில்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வர ஆளுமில்லை. ஊரே கோயிலில் நின்றது.

அரிமளத்துக்குக் கிழக்கே தைலமரக் காட்டில் துளை போட்டு மண் எடுத்துப் போனார்கள். சிறிய அணு உலை வரப்போகிறது என்றார்கள். சம்மதிப்பதில்லை என்று ஊர் கூடி முடிவு செய்தது. முடிவைக் கற்பூரத்தில் கட்டுவது அவ்வூர் வழக்கம். தன் வீட்டுக்கு ஏற்றிய கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம். ஒரு வீட்டுக் கற்பூரத்தை இன்னொரு வீட்டுக் கை தொடக்கூடாது. அது தானாக எரிந்து தீர்ந்தாலோ, அந்த வீடு ஊரோடு இல்லை. பிறகு அந்த வாசலில் ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள். ராக்காயிக்குச் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே நாலு கை வேண்டும்.

காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்கு விளக்கம் சொல்ல வந்த பொறியாளர் பிரகதீஸ்வரி புதுக்கோட்டைப் பெண்தான். சின்ன உலை, ராப்பகலாக மின்சாரம் நிற்காது என்று பொறுமையாகச் சொன்னாள். ஊர்த் தலைவரான அம்பலம் திருப்பதி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஆட்டுக்காரன் ஒருத்தன் புலிக்குட்டிய எடுத்து வளத்தானாம் தாயி, சின்னதுதானே, காவலுக்கு ஆகும்னு. நல்லாத்தான் காத்துச்சாம். பால் தீந்த அன்னிக்குத்தான் அது புலின்னு தெரிஞ்சுச்சாம்.”

கூட்டம் கைதட்டியது. “பால் தீராத மாதிரிதாங்கய்யா கட்டுறோம்” என்று அவளும் சிரித்தாள்.

ராக்காயி எழுந்தாள். “கரண்டு போனா அது என்னம்மா பண்ணும்?”

கரண்டு செய்கிற இடத்திலேயே கரண்டு போகுமாக்கும் என்று பின்னாலிருந்து ஒருவன் கேலி செய்தான். பிரகதீஸ்வரி சிரிக்கவில்லை. உலை தானே நின்றுவிடும். நின்ற பிறகும் உள்ளே சூடு இருக்கும். மோட்டார் இல்லாமலே தண்ணீர் சுற்றி அதை ஆற்றும்படி அமைப்பார்கள் என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, “பல நாளைக்குத் தாங்கும்மா. அதுக்குள்ள ஆளு வந்து தண்ணி விடணும்” என்றாள்.

ஆள் வந்துசேர வேண்டுமே என்ற பயம் ராக்காயிக்குப் பழகிய பயம். அந்த உலையை நினைத்தாலும் அதே பயம். தூறல் விழுந்தாலே நின்றுபோகும் மின்சாரத்தை நினைத்தாலும் அதே பயம்தான். எந்தப் பயத்தை நம்பிச் சத்தியம் செய்வது? மனசில்லாமல் கையை வைத்து, அந்தப் பொய் சேவுகன் மூச்சின்மேலேயே வந்து விழுந்தால்?

கோயிலில் பொழுது சாய்ந்திருந்தது. “சேவுகன் வீடு” என்று கூப்பிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார் திருப்பதி. “பயப்படாத ஆத்தா. படக்குனு அடிச்சா சுடாது.”

அவள் கையை ஓங்கினாள். அனல் உள்ளங்கையை நக்கியது. பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.

எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். ராக்காயி ஊருணிக் கரையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மிஷின் கீச்சுக் கீச்சென்று அலறியது. சேவுகன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்திருந்தான், உதடு கறுத்திருந்தது. வியர்வையில் திருகு வழுக்கியது. சேலைத் தலைப்பைச் சுற்றி முறுக்கினாள். காற்று சீறி வந்தது. குழாயை மாற்றி மூக்கில் பொருத்தி, அவன் முதுகைத் தாங்கிக்கொண்டாள். சிறிது நேரத்தில் அவன் நகங்களில் நிறம் திரும்பியது.

“அணைச்சிட்டியா?” என்றான்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஒரு கை இன்னும் திருகிலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊருணி நீரின் அந்தப் பக்கம், கரி படிந்த கைகளோடு ஊர் வட்டமாக நின்றது. ஒருவரும் கிட்டே போகவில்லை. தைலமரக் காட்டிலிருந்து வந்த காற்றுக்குத் துண்டை விரித்து மறைத்துப் பிடித்தபடி, திருப்பதி அம்பலம் அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னே பலிபீடத்தில், இன்னும் அணையாத அந்தச் சின்னச் சுடர் ஆடியது, நிமிர்ந்தது, மறுபடியும் ஆடியது.