வாசல் நிலைக்கு மேல் ஒரு சிலுவை

நாற்பத்தோரு வீடு கட்டிப் பழகிய கை யாரைக் கேட்டு வேலை செய்யும்? வாசல் நிலைக்கு மேல் பூச்சு முடிந்ததும், கொத்தனாரின் கரண்டி முனை, முந்தைய வீடுகளில் செய்ததுபோலவே, தானாகப் போய் ஈரச் சிமெண்டில் ஒரு சிலுவையைக் கீறிவிட்டது. அவர் வேலை செய்யும் குழு, சபையில் ஒரு ஜெபக் கூட்டத்தில் பிறந்தது. வீடில்லாதவர்களுக்கு இலவசமாகக் கட்டிக்கொடுப்பார்கள். வீடு பெறுபவரும் கூட நின்று பாடுபட வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான். இதுவரை பெற்றவர்கள் எல்லாரும் சபைக்காரர்கள். இந்த நாற்பத்திரண்டாவதுதான் வேறு சாமி கும்பிடும் ஒரு தையல்காரிக்கு. அந்த நேரத்தில் அது மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்த தையல்காரி அண்ணாந்து பார்த்தாள். நல்லா இருக்குண்ணே என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டியை வேகமாக ஓட்டினாள். கொத்தனாருக்குச் சுருக்கென்றது. இறங்கி வந்தார்.

"பிடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொன்னா வீடு கைவிட்டுப் போயிடுமோன்னு பயம்ணே. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அடப்பாவி மனுஷா, வீடு கொடுக்கிறோம், வீடு கொடுக்கிறோம் என்று மார்தட்டிக்கொண்டு, கூடவே பயத்தையும் அல்லவா கொடுத்திருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். பூச்சு இறுகிக்கொண்டிருந்தது. ஆனால் சிலுவையைத் தன் கையாலேயே அழிப்பதா? கை வரவில்லை. பின்பக்கம் செங்கல் சுமந்துகொண்டிருந்த போதகரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னார்.

போதகர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினார். தேய்க்கிற மரக்கட்டையைக் கையில் வாங்கி, ஒரு நொடி கண்ணை மூடி நின்றார்.

"நம்மள இங்க கூட்டிட்டு வந்தது இந்தச் சிலுவைதான், கொத்தனாரே. ஆனா வாசல் அவங்களோடது."

இரண்டே இழுப்பு. சுவர் சமமானது. தன் சபையை நினைத்துக் கொத்தனார் இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை.

தையல்காரி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அப்போ இன்னொண்ணும் சொல்லலாமாண்ணே? அடுக்களை மேடை எனக்கு ரொம்ப உயரம். நாலு விரக்கடை இறக்கணும்."

மூன்று வாரத்துக்கு முன்பே கட்டி, இழைத்து, பளபளவென்று முடித்த மேடை அது! வேறு நாளாக இருந்தால் கொத்தனார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். இன்றைக்கு உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக அடுக்களைக்குள் போனார்.

"வாம்மா வீட்டுக்காரி. எதுவரைக்கும் இறக்கணும்னு நின்னு காட்டு."